பெரியப்பா சொல்லாத பாவ அறிக்கை

வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்துக்குப் போய், நாம் இன்னும் சாகவில்லை என்று ரேகை வைத்து நிரூபித்துவிட்டு, வெளியே வந்து டீ குடிக்கிற என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். இளையவர்களிடம் சொன்னால் பாதியில் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

போன வாரம் நம்மில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கல்லறைத் தோட்ட வாசலில் செருப்பில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன். நேரே மோட்சந்தான்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் அந்த 'நேரே' எனக்கு உறுத்தியது. என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பும் எந்த மேசைக்கும் நேரே போய் நான் பார்த்ததில்லை. அதிலும் கடைசியாக நான் இருந்தது ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. பதினேழு-பி குற்றச்சாட்டு ஆணை என்று சொன்னால் உங்களில் சிலர் இப்போதும் டீயைக் கீழே வைத்துவிடுவீர்கள். குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை, 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்ற இறுதி ஆணை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போயின. நல்லவர் என்ற சான்று எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் படித்தது அலுவலகத்தில் அல்ல. மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டின் மழைக்காலத்தில், என் பெரியப்பா வீட்டில்.

அப்பா பட்டாளத்தில் வடக்கே எங்கேயோ இருந்தார். அம்மா தம்பியைப் பெற்றெடுக்கத் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். என்னை இராஜாக்கமங்கலம் போகும் வழியில் இருந்த பெரியப்பா வீட்டில் விட்டார்கள். பெரியப்பா பாசனத் துறையில் ஓவர்சியர். ஊர்க்குளமும் அதன் மடையும் அவர் பொறுப்பு. மடைப் பலகையை ஏற்றி இறக்கும் திருகுக்கு ஓர் இரும்புச் சாவி உண்டு. என் கை நீளம் இருக்கும். அது கூடத்தில், வேதப்புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கும் தேங்காயெண்ணெய் தடவுவார். அந்த எண்ணெயும் இரும்பும் கலந்த மணம் எனக்கு இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையின் மணம். அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் வைத்த பிறகு துறைக்காரர்கள் பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டிருப்பார்கள். நடைமுறை அதுதான்.

எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அவர் சொன்னால் சொன்னதுதான். கிறிஸ்தவ சபைக்காரர்கள், இந்துக் கோவில்காரர்கள், அய்யாவழிக்காரர்கள் என்று எல்லோரும் அவர் வார்த்தையை நம்பினார்கள். கை நீட்டி ஒன்றும் வாங்க மாட்டார். யாராவது நன்றிக்காக வெள்ளரிக்காயோ, ஒரு சீப்பு மட்டிப் பழமோ வாசலில் வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார். அந்த நடையில் நான் இழந்த பழங்களை இன்றும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறேன்.

"ஒரு பழந்தானே பெரியப்பா."

"ஒரு பழத்துலதான் மக்கா எல்லாம் தொடங்குது. ஏதேன் தோட்டத்துல என்ன நடந்து?"



ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நாங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். பெரியம்மை பாட்டுக்குழுவில் நின்றதால், பெண்பிள்ளையாக இருந்தும் என்னைப் பெரியப்பாவோடு முதல் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அவர் சபைக் கமிட்டியில் மூத்தவர். பாட்டென்றால் ஓட்டுக்கூரை அதிரப் பாடுவார். ஆனால் எல்லோரும் முழங்காலில் நின்று, நாங்கள் பாவிகள் என்று ஒரே குரலில் சொல்லுகிற பாவ அறிக்கை வரும்போது மட்டும் அவர் உதடு அசையாது. கண் மூடியிருக்கும். தலை குனிந்திருக்கும். உதடு மட்டும் பூட்டிய மடைதான்.

ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"நீங்க ஏன் அதைச் சொல்ல மாட்டிய?"

அவர் சுற்றும் பார்த்தார். "செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா அது பொய்யில்லியா மக்கா? கோயில்ல வச்சுப் பொய் சொல்லலாமா?"

எனக்கு அது மலை போலத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் பெரியம்மையின் கருப்பட்டித் துண்டு ஒன்று என் கைக்கு வந்துவிட்டதால் எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகவே சொன்னேன். பெரியப்பா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்தக் கதையில் இன்னொருவன் உண்டு. ஊர் அவனை மடைக்கள்ளன் என்றுதான் அழைத்தது. குளத்துக்குக் கீழே பள்ளத்தில் பத்துப் பதினைந்து குடிசைகள் இருந்தன. அதில் ஒன்று அவனுடையது. அரை வயல் வைத்திருந்தான். முறை வருவதற்கு முன்பே பலகையைக் கம்பியால் நெம்பித் தண்ணீர் திருடுவான். குடிப்பான். பிடித்தால் சிரிப்பான்.

"நெல்லு தாகம் எடுத்து அழுதுது ஓவர்சியர் அய்யா. நான் என்ன செய்ய?"

"நெல்லு அழுததா, நீ குடிச்சியா?"

"ரெண்டும்தான்."

அவனும் சபைக்காரன்தான். குடிக்கும் களவுக்கும் சபையில் தனி நடவடிக்கை உண்டு. அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தில் சேர முடியாது, கதவோரம் கடைசிப் பாயில்தான் இருக்க வேண்டும். திருந்தினால் சபை முன்னால் நின்று அறிக்கை செய்து திரும்பச் சேரலாம். அவனை அப்படி நிறுத்தி வைத்த கமிட்டியில் பெரியப்பாவும் இருந்தார். அவன் மனைவி மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. ஆனாலும் திருவிருந்துக்கு அவளும் போவதில்லை. அவனோடு கதவோரப் பாயிலேயே இருந்துவிடுவாள். "அவியளுக்கு இல்லாத பந்தி எனக்கு என்னத்துக்கு?" என்று பெரியம்மையிடம் சொன்னாளாம். பெரியப்பா அதை ஆணவம் என்றார்.

ஐப்பசி மழை அந்த வருடம் நிற்கவே இல்லை. குளம் நிறைந்து, மிகுநீர் வழியும் மறுகாலில் தண்ணீர் சிவப்பாகப் பாய்ந்தது. மடையைத் திறந்துவிட்டால் குளம் இறங்கும், ஆனால் நட்டு சில நாளே ஆன வயல்கள் எல்லாம் மூழ்கும். அதனால் மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் மழைக்காலத்தில் மடையைத் திறக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. பின்னாளில் அதை நான் படித்துப் பார்த்தேன், ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. விடிந்ததும் பெரியப்பா குடையோடு கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து, தனக்குக் கீழே இருந்த மடைக்காவல் ஆளான லஸ்கரை உத்தரவு வாங்கிவர நாகர்கோவிலுக்குச் சைக்கிளில் அனுப்பினார். பிறகு காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்தார்.

அப்போதுதான் மடைக்கள்ளன் வந்தான். முழங்கால் வரை சேறு. தலையில் ஒரு சாக்கு.

"ஓவர்சியர் அய்யா, மடையத் திறந்து விடும்! புன்னை மரத்து மூட்டுல கரை கசியுது. வெள்ளம் கலங்கி வருது!"

"இப்பந்தான் நான் நடந்து பாத்துட்டு வாறேன். ஒரு கசிவும் இல்ல. நீ குடிச்சிருக்கே."

"குடிச்சிருக்கேன். நான் குடிச்சா கரை கசியாதா?"

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. "மடையத் திறக்கணும்னு உனக்கு என்னிக்கும் உள்ள ஆசைதானே. ஆள் போயிருக்கு. உத்தரவு வரட்டும்."

அவன் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தான். நான் அதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன். ஒரே பாய்ச்சலில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். திருடன்தானே. ஆனால் அன்றைக்குப் பார்த்து அவன் திருடவில்லை. "அப்போ உத்தரவு வந்த பெறவு அந்தத் தாளை வச்சுக் கரைய அடையும்!" என்று சொல்லிவிட்டு ஓடினான். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "பிள்ளே, நீ கோயில் மேட்டுக்குப் போயிரு" என்றான். அவன் வாயிலிருந்து வந்த கள்ளின் புளித்த வாடை கூடத்தில் நின்றது. அவன் குடித்திருந்தான். உண்மையும் சொன்னான். ஒரே வாயில் இரண்டும் இருக்கலாம் என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

பெரியப்பா கஞ்சியை முடித்தார். கை கழுவினார். ஏதோ தோன்றியிருக்க வேண்டும், சாவியை எடுத்துக்கொண்டு குடையில்லாமல் இறங்கினார். அவர் தென்னந்தோப்பைத் தாண்டுவதற்குள் கரை உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பழைய சேலையை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகுதான் தண்ணீரின் சத்தம்.

பள்ளத்தில் ஒரு குடிசையும் மிஞ்சவில்லை. ஆனால் ஆட்கள் எல்லோரும் கோயில் மேட்டில் நின்றார்கள், கோழிகளோடும் பானைகளோடும். மடைக்கள்ளன்தான் வழியெல்லாம் கூவி அவர்களை மேலே ஏற்றியிருக்கிறான். அதற்குப் பிறகு ஓலையும் களிமண்ணும் எடுத்துக்கொண்டு, கசிவை அடைக்கத் தனியாகப் புன்னை மரத்தடிக்குப் போயிருக்கிறான். மறுநாள் வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதரில் அவனை எடுத்தார்கள்.

உத்தரவு, கரை உடைந்த அன்று மத்தியானம் வந்தது. லஸ்கர் அதை நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். மடையைத் திறக்கலாம் என்று இருந்தது.

நடவடிக்கையில் இருப்பவன் செத்தால் மணி அடிப்பதில்லை, போதகர் வருவதில்லை, போதகருக்கு உதவியாளரான உபதேசியார் ஒரு ஜெபம் சொல்லி ஓரமாக அடக்கம் செய்வார். அதுவும் கமிட்டியின் விதிதான். அவனை அப்படி அடக்கம் செய்தபோது பெரியப்பா குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்.

துறை விசாரணை செய்தது. பெரியப்பா காலையில் கரையைப் பார்வையிட்டார், உரிய நேரத்தில் ஆள் அனுப்பினார், விதியை மீறவில்லை. குற்றமில்லை. ஊரும் அதையே சொன்னது. பள்ளத்து ஆட்களே வந்து, "நீங்க என்ன செய்வியோ அய்யா, உங்க வேலைய நீங்க செஞ்சிய" என்றார்கள். அவர் சாவியைத் துறையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அந்த மாதத் திருவிருந்தில் முதல் பெஞ்சிலிருந்து அவர் எழவில்லை. கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். உருண்டையான, வெற்றிலை போடுகிற மனிதர்.

"என்ன ஓவர்சியரே, உம்ம பேர்ல ஒரு குற்றமும் இல்லன்னு சர்க்காரே சொல்லியாச்சே?"

"அதுதான் அய்யா கஷ்டம். கமிட்டியக் கூட்டும். என்னை நடவடிக்கையில வையும். கடைசிப் பாயில ஒரு வருசம் இருக்கேன். பெறவு சபை முன்னால நின்னு அறிக்கை செய்யுகேன்."

கமிட்டி கூடியது. எந்தக் குற்றத்துக்கு என்று கேட்டார்கள். அவர், "ஒருத்தன் சொன்னதை நான் கேக்கல்லே. அவன் வாயில இருந்து உண்மை வராதுன்னு வச்சிருந்தேன்" என்றார். அப்படி ஒரு குற்றம் சபை விதிகளில் இல்லை. மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். தண்டனை கேட்டு மனுப் போட்டுத் தோற்ற ஒரே மனிதராக நான் அறிந்தது என் பெரியப்பாவைத்தான்.

அதிலும் அவர் நல்லவராகவே இருக்கப் பார்த்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. செய்ததற்கு விலையைத் தானே கட்டித் தீர்த்துவிட வேண்டும், யாரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ளக் கூடாது. வெள்ளரிக்காய் விஷயம்தான்.

பிறகு ஒரு நாள் மடைக்கள்ளனின் மனைவியிடமே போனார். வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டு. கோயில் மேட்டில் தென்னையோலைச் சாய்ப்பு ஒன்றில் அவள் இருந்தாள். மூன்று கல் அடுப்பில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மஞ்சளும் உப்பும் கலந்த ஆவி.

அவர் நின்றுகொண்டே சொன்னார்: "என்னை நாலு வார்த்தை ஏசு."

"ஏசுனா அவிய எழும்பி வந்திருவாவளா?"

"எனக்காவ ஏசு."

அவள் வாழையிலைக் கீற்றில் இரண்டு துண்டு கிழங்கை எடுத்து வைத்து நீட்டினாள். "நனஞ்சு வந்திருக்கிய. இதைத் தின்னும்."

"வேண்டாம், வேண்டாம்" என்று பெரியப்பாவின் கை தானாக விலக்கியது. வாழ்நாள் பழக்கம்.

அவள் இலையைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "அப்போ எனக்க கையில இருந்து ஏச்சு மட்டுந்தான் வாங்குவிய. வேற ஒண்ணும் வாங்க மாட்டிய. அவியளுக்கக் கடைசிப்பாய்த் தண்டனையையும் வாங்க வந்துட்டிய. போவும் அய்யா."

வழியெல்லாம் நான் அந்தக் கிழங்கை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று போதகர் எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார். பெரியப்பா உள்ளே போகாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ஒரு தண்டனையும் தர மாட்டோம்னா நான் இதை எங்க கொண்டு போட அய்யா?"

போதகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிரசங்கக் குரலில் பேசவில்லை. "தண்டனை ஏற்கெனவே ஒருத்தர் வாங்கியாச்சு ஓவர்சியரே. சிலுவையில. உமக்குன்னு அதுல ஒண்ணும் மிச்சம் வைக்கல்லே."

பெரியப்பா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "அது குடிகாரனுக்கும் கள்ளனுக்கும் உள்ளதுன்னுல்லா நான் இவ்வளவு நாளும் நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டது போல நின்றார். மழை ஓட்டிலிருந்து சொட்டியது. போதகர் ஒன்றும் சேர்த்துச் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் செய்த பிரசங்கங்களில் ஆகச் சிறியது அதுதான்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு. மழை விட்டு, ஈர ஓட்டின்மேல் வெயில் அடித்து, கோயிலுக்குள் மண்வாடை. பாவ அறிக்கை வந்தது. எல்லோரும் முழங்காலில் நின்றோம். நான் பழக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்து பெரியப்பாவின் உதட்டைப் பார்த்தேன்.

அது அசைந்தது.

முதலில் சத்தம் இல்லை. பிறகு, எண்ணெய் காணாத திருகு முதல் சுற்றுக்கு முனகுவது போல ஒரு குரல். சபை ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவர் ஒரு வரி பின்னால் வந்தார். எல்லோரும் முடித்து நிறுத்திய பிறகும் அவர் குரல் தனியாக வந்துகொண்டிருந்தது. போதகர் காத்திருந்தார். அத்தனை பேர் அத்தனை ஆண்டுகளாகச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள் அன்றைக்குப் புதிதாகச் செய்தவை போல இருந்தன.

ஆனால் திருவிருந்துக்கு வரிசைகள் எழுந்து போய் வந்தபோது அவர் எழவில்லை. சொல்ல முடிந்தது, போக முடியவில்லை. ஆண்கள் போய் வந்தார்கள். பெண்கள் போய் வந்தார்கள். போதகர் அப்பத் தட்டை மூடப் போனார்.

அப்போது கதவோரப் பாயிலிருந்து அவள் எழுந்தாள். பெண்கள் பக்கமாக நடந்து வந்தவள், பாதி வழியில் நின்று, நடுவழியைத் தாண்டி, ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சுக்கு வந்தாள். எங்கள் கோயிலில் அப்படி ஒரு பெண் நடந்து யாரும் பார்த்ததில்லை. பெரியப்பாவின் முன்னால் நின்றாள்.

"வாரும் அய்யா. நானும் இன்னும் போவல்லே. ரெண்டு பேரும் போவோம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

குற்றமில்லை என்பது வேறு, மன்னித்தேன் என்பது வேறு. முதலாவதற்கு ஒரு விசாரணை போதும். இரண்டாவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நம்மிடம் வர வேண்டும். பிற்காலத்தில் எத்தனையோ பேருக்குக் குற்றமில்லை என்று ஆணை அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு போன ஒருவர் முகத்திலும், பெரியப்பா எழுந்தபோது அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்ததில்லை. மடைக்கள்ளன் கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்து தேறிவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதே பழைய கணக்குதான், பெயரை மட்டும் மாற்றி எழுதியதாக ஆகும். அவன் காரியம் ஆண்டவரிடம் இருக்கிறது. நான் பார்த்தது பெரியப்பாவை. ஊரிலேயே நல்ல மனிதர், கள்ளன் பெண்டாட்டியின் பின்னால், அவள் நிழலை மிதித்துவிடாமல் நடந்து போனார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றார்கள். அவள் உள்ளங்கையை விரித்தாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துத்தான் தன் கையை விரித்தார். இடது கைமேல் வலது கை. யாரிடமும் எதற்கும் நீண்டிராத கை. போதகர் அப்பத்தை வைத்தபோது விழுந்துவிடுமோ என்று நான் பயந்தேன். விழவில்லை.

ஆராதனை முடிந்து அவள் சாய்ப்பு வழியாகத்தான் வீட்டுக்கு வந்தோம். அடுப்பில் கிழங்கு இருந்தது. அவள் வாழையிலைக் கீற்றில் எடுத்து வைத்து நீட்டினாள். பெரியப்பா வாங்கினார். நின்ற இடத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை வேட்டியில் மஞ்சள் ஒட்ட ஒட்ட, சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்கு வேண்டாமா?"

அன்று திருப்பிக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.